"நான் செய்யட்டுமா?": ஜப்பானிய மொழியில் பணிவாக உதவ முன்வருவது எப்படி (தொடக்கநிலைக்கான முழு வழிகாட்டி)

ஜப்பானிய மொழி வகுப்பில் "மஷோ கா" வரும் நாளில் தமிழ் மாணவர்கள் முகத்தில் ஒரு தெளிவு தெரியும். எடுக்கட்டுமா, திறக்கட்டுமா என்று நாம் கேட்பதுதானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து அதே மாணவர் ஆசிரியர் அறை வாசலில் நின்று "ஹைரிமஷோ கா" என்பார். உள்ளே வரட்டுமா என்று கேட்டதாக அவர் நினைப்பு. ஆசிரியர் காதில் விழுவதோ "உள்ளே போகலாமா, வாங்க" என்பது மாதிரி.

நானும் அந்த வாசலில் நின்றவன்தான். அப்புறம் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது எல்லாரும் கிட்டத்தட்ட அதே நான்கைந்து இடங்களில்தான் தடுக்குகிறார்கள் என்று தெரிந்தது. அந்த இடங்களை வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள், குறிப்பாக இரண்டாம் படியைத் தாண்டாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வினைச்சொற்கள். "மஸ்" என்று முடியும் வடிவத்தில் ஒரு பதினைந்து போதும்: மொச்சிமஸ் (தூக்குவது, பிடித்துக்கொள்வது), தெட்சுதைமஸ் (கூடமாட உதவுவது), அக்கெமஸ் (திறப்பது), ட்சுக்கெமஸ் (விளக்கு போடுவது), கெஷிமஸ் (அணைப்பது), கஷிமஸ் (இரவல் கொடுப்பது), யொபிமஸ் (கூப்பிடுவது), தொரிமஸ் (படம் எடுப்பது), இரெமஸ் (தேநீர் போடுவது) இப்படி. உதவியில் பயன்படுகிற வினைகளாகப் பார்த்து எடுங்கள். தூங்குவது, குளிப்பது எல்லாம் இங்கே உதவாது.

இரண்டாவது, செயப்படுபொருளுக்கு வரும் "ஒ" என்ற ஒட்டு. நம் "-ஐ" செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது.

மூன்றாவது ஹிரகானா எழுத்து. இதைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தமிழிலேயே குறிப்பெடுத்துப் படிப்பவர்கள் ஒரு நாள் மாட்டுவார்கள். நம் "க" ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. "திறப்பது", "கொடுப்பது" என்ற இரண்டு ஜப்பானிய வினைகளுக்கும் அந்த ஒரு ஒலிதான் வித்தியாசம். நோட்டில் இரண்டும் "அகெமஸ்" என்று உட்கார்ந்திருக்கும். எட்டாம் படியில் இந்தக் "கொடுப்பது"தான் பெரிய வம்பு செய்யப்போகிறது. இந்தக் கட்டுரையில் திறப்பதை "அக்கெமஸ்" என்றும் கொடுப்பதை "அகெமஸ்" என்றும் பிரித்து எழுதுகிறேன். ஆனால் "அக்கெ"யில் க் அழுத்தம் நிஜத்தில் கிடையாது, ஒற்றை க்தான். கேள்விக்கு வரும் "கா"வும் எழுத்தில்தான் நெடில், ஒலியில் குறில். "மஷோ"வில் உள்ள ஓ மட்டும் உண்மையான நெடில், அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

2. நம் "-ட்டுமா"வை முதலில் பிரித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தமிழில் "பெட்டியைத் தூக்கட்டுமா?" என்றால் அது உதவி. "உங்கள் பேனாவை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றால் அது அனுமதி. நாம் இரண்டுக்கும் ஒரே "-ட்டுமா" போடுகிறோம், வித்தியாசமே உறைப்பதில்லை. ஜப்பானியத்தில் இவை வேறு வேறு வடிவங்கள். இன்னொரு பக்கம், "தூக்கட்டுமா", "போகலாமா" என்று நாம் ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டை அவர்கள் ஒரே "மஷோ கா"வில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, ஒரு பக்கம் நம் வடிவம் அகலம், மறுபக்கம் அவர்களுடையது அகலம். குழப்பத்தின் வேர் இதுதான்.

அதனால் வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: பலன் யாருக்கு?

பலன் எதிரில் இருப்பவருக்கு, வேலை எனக்கு என்றால் "மஷோ கா". நிமொட்சு ஒ மொச்சிமஷோ கா? (சாமானைத் தூக்கட்டுமா?)

பலன் எனக்கு என்றால் "தெமொ ஈ தெஸ் கா". ஹைத்தெமொ ஈ தெஸ் கா? (உள்ளே வரட்டுமா?) இதற்கு வினையின் தெ-வடிவம் ("தெ" என்று முடிகிற வடிவம்) தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் இப்போதைக்கு இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இருவரும் சேர்ந்து செய்வது என்றால் மறுபடி "மஷோ கா". இக்கிமஷோ கா? (போகலாமா?)

முதலாவதையும் மூன்றாவதையும் கேட்பவர் எப்படிப் பிரித்துக்கொள்வார்? சூழ்நிலைதான் சொல்லும். ஒருவர் கையில் கனமான பை இருக்கும்போது "மொச்சிமஷோ கா" என்றால் யாரும் சேர்ந்து தூக்கக் கூப்பிடுவதாக நினைக்கமாட்டார்கள். சேர்ந்து செய்வதுதான் என்று காட்ட வேண்டுமானால் முன்னால் "இஷ்ஷொ நி" (சேர்ந்து) போடலாம். குரலும் கொஞ்சம் உதவும்: உதவ முன்வரும்போது கடைசி "கா" மேலே ஏறும், "சரி, கிளம்பலாமா" என்று சபையைக் கலைக்கிற "இக்கிமஷோ கா" பெரும்பாலும் கீழே இறங்கித்தான் முடியும்.

3. வடிவத்தைக் கட்டுவது

இதில் பெரிதாக ஒன்றுமில்லை. "மஸ்"ஸை எடுங்கள், "மஷோ கா" போடுங்கள். மொச்சிமஸ், மொச்சிமஷோ கா. அக்கெமஸ், அக்கெமஷோ கா. ஜப்பானிய வினைகளை வடிவம் மாறும் விதத்தை வைத்துக் குழுக்களாகப் பிரிப்பார்கள். இங்கே வினை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டியதே இல்லை, அந்தத் தலைவலி ஏழாம் படியில்தான் வரும்.

தவறு நடப்பது அவசரத்தில் பக்கத்து வடிவத்துக்குத் தாவும்போது. "மொச்சிமஸ் கா" என்றால் "தூக்குவீர்களா?", அதாவது நீங்கள் தூக்குவீர்களா. "மொச்சிமசென் கா" என்றால் "நீங்களும் தூக்குங்களேன்" என்று அழைப்பு விடுவது. பாரம் சுமந்து வியர்த்து நிற்கிற ஒருவரிடம் இந்த இரண்டில் எதைச் சொன்னாலும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும்.

"கா" இல்லாமல் வெறும் "மொச்சிமஷோ" என்றும் காதில் விழும். கேட்கவில்லை, "கொடுங்க, நான் தூக்குறேன்" என்று முடிவாகச் சொல்வது அது. பழகும்வரை "கா"வோடு இருங்கள்.

4. வாக்கியத்தில் எதை வைப்பது, எதை விடுவது

"நீங்கள்", "உங்கள்" இரண்டையும் விட்டுவிடுங்கள். "அனத்தா" என்ற சொல்லைப் பாடத்தில் படித்ததும் எல்லா இடத்திலும் போடத் தோன்றும், ஆனால் முன்பின் தெரியாதவரையோ மேலதிகாரியையோ அப்படி அழைப்பது மரியாதையாக இருக்காது. யாருடைய சாமான் என்பது அவர் கையிலேயே தெரிகிறதே. நிமொட்சு, மொச்சிமஷோ கா? போதும். பேச்சில் "ஒ" ஒட்டுகூட விழுந்துவிடும். எழுத்திலும் தேர்விலும் போடுங்கள்.

"நான்" என்பதும் வேண்டாம். பலர் இருக்கும் இடத்தில் "நான் செய்கிறேனே" என்று முன்வர வேண்டுமானால் மட்டும் "வத்தஷிக மொச்சிமஷோ கா". இங்கே "வத்தஷி வா" என்று போட்டால் ஒட்டாது. "யார் செய்வது" என்ற கேள்விக்குப் பதிலாக நிற்பது "க" ஒட்டுதான்.

அடுத்து தமிழ் ஆட்களுக்கென்றே வெட்டி வைத்த குழி ஒன்று. நாம் "உங்களுக்கு உதவட்டுமா" என்று நான்காம் வேற்றுமை போடுகிறோம். அதை அப்படியே எடுத்துப்போய் ஆளுக்குப் பின்னால் "நி" போட்டு "தெட்சுதைமஷோ கா" என்று முடிப்பவர்கள் அதிகம். தெட்சுதைமஸ் "ஒ"தான் வாங்கும். பெரும்பாலும் அந்த "ஒ" வேலையின் மேல் உட்காரும்: ர்யோரி ஒ தெட்சுதைமஷோ கா? (சமையலில் கூடமாட உதவட்டுமா?)

"உதவி" என்று அகராதியில் தேடினால் "தஸுக்கெமஸ்" என்றும் கிடைக்கும். அது காப்பாற்றுவது. ஆற்றில் விழுந்தவருக்கு, கடனில் மூழ்கியவருக்கு. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் நான் ஒருமுறை "தஸுக்கெமஷோ கா" என்றேன். அவர் சிரித்ததில் ஒரு தட்டு கை நழுவி, நல்லவேளை உடையவில்லை. கூடமாட ஒத்தாசை என்றால் தெட்சுதைமஸ், அவ்வளவுதான்.

5. முதலில் காரணம், பிறகு உதவி

திடீரென்று போய் "தூக்கட்டுமா" என்றால் எதிரில் இருப்பவர் திடுக்கிடுவார். ஜப்பானியர்கள் பேசுவதைக் கவனித்தால் முன்னால் ஒரு சின்ன வாக்கியம் இருக்கும், நாம் பார்த்ததைச் சொல்கிற வாக்கியம்.

அட்சுய் தெஸ் நெ. மதொ ஒ அக்கெமஷோ கா? (வெக்கையா இருக்கே. ஜன்னலைத் திறக்கட்டுமா?)

ஒமொசோ தெஸ் நெ. மொச்சிமஷோ கா? (கனமா இருக்கும் போலிருக்கே. தூக்கட்டுமா?)

இந்த முதல் வாக்கியத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. "உங்களால் முடியவில்லை" என்று நாம் சொல்லவில்லை, பை கனம், அறை வெக்கை, அவ்வளவுதான். பழி பையின் மேல் போய்விடுகிறது, மனிதரின் மேல் விழுவதில்லை. அதோடு மறுக்க நினைப்பவருக்கும் வழி கிடைக்கிறது. "அவ்வளவு கனமில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

முன்பின் தெரியாதவரானால் அதற்கும் முன்னால் "அனோ, சுமிமசென்" (வந்து, மன்னிக்கணும்) என்று தொடங்குங்கள். "யொக்கத்தர" (உங்களுக்குச் சரியென்றால்) என்ற சொல்லையும் சேர்க்கலாம்: யொக்கத்தர, ஷஷின் ஒ தொரிமஷோ கா? சுற்றுலாத் தலத்தில் கைபேசியை நீட்டிப் பிடித்துத் தங்களைத் தாங்களே படம் எடுக்கத் திண்டாடும் குடும்பத்திடம் சொல்லிப் பழக இதைவிட நல்ல வாக்கியம் இல்லை. பலன் உடனே தெரியும், தப்பாகச் சொன்னாலும் கை ஜாடை காப்பாற்றிவிடும்.

"நனி கா தெட்சுதைமஷோ கா?" (ஏதாவது உதவட்டுமா?) என்ற பொதுக் கேள்வியும் சரிதான். ஆனால் "ஏதாவது" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்ற பதில்தான் சுலபமாக வரும், நம் வீடுகளிலும் அப்படித்தானே. குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

6. பதிலைப் புரிந்துகொள்வது, பதில் சொல்வது

உதவியை ஏற்பவர் "எஎ, ஒநெகை ஷிமஸ்" (ஆமா, தயவுசெய்து செய்யுங்க) அல்லது "சுமிமசென், ஒநெகை ஷிமஸ்" என்பார். இங்கே சுமிமசென் மன்னிப்பில்லை, உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேனே என்ற நன்றி.

மறுப்பதற்கு மூன்று சொற்கள் காதில் விழும். "தைஜோபு தெஸ்" மென்மையானது. "கெக்கோ தெஸ்" முறையான மறுப்பு, கொஞ்சம் விறைப்பு. "ஈ தெஸ்" தொனியைப் பொறுத்து வெடுக்கென்று இருக்கும். நீங்கள் மறுக்கும்போது முதலாவதோடு நில்லுங்கள், பின்னால் நன்றியையும் சேருங்கள்: இய்யெ, தைஜோபு தெஸ். அரிகத்தோ கொஸைமஸ்.

புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. யாராவது "மொச்சிமஷோ கா" என்று கேட்டால் பதிலுக்கு "ஹை, மொச்சிமஷோ" என்று அதே வினையைத் திருப்பிச் சொல்வது. "போகலாமா", "போகலாம்" என்ற ஜோடிக்கு அது பொருந்தும். உதவிக்குப் பொருந்தாது, ஏனென்றால் வேலை செய்யப்போவது நீங்கள் இல்லையே. அங்கே ஒநெகை ஷிமஸ்தான்.

முதல் தடவை மறுப்பது பலருக்குப் பழக்கம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ரியொ, கூச்சமும் ஒதுங்கலும் கலந்தது. அதனால் ஒருமுறை "ஹொன்தோ நி தைஜோபு தெஸ் கா?" (நிஜமாகவே பரவாயில்லையா?) என்று கேட்கலாம். ஒரே ஒருமுறை. நம்மூரில் சாப்பாட்டுக்கு வற்புறுத்துகிற மாதிரி மூன்றாவது தடவையும் கேட்டுக்கொண்டு பையைப் பிடித்து இழுக்காதீர்கள். "சோ தெஸ் கா" என்று இறங்கிய குரலில் சொல்லிவிட்டு நகருங்கள்.

7. ஆளைப் பார்த்து மட்டத்தை மாற்றுவது

"மஷோ கா" நடுமட்டம். சக ஊழியர், பக்கத்து வீட்டுக்காரர், வழியில் பார்ப்பவர் எல்லாருக்கும் பொருந்தும். தொடக்கநிலையில் இதை மட்டும் வைத்துக்கொண்டாலே வண்டி ஓடும், இதனால் யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

மேலே ஒரு படி: வாடிக்கையாளர், மேலதிகாரி, ஆசிரியர். வினையின் முன்னால் "ஒ", பின்னால் "ஷிமஷோ கா". மொச்சிமஷோ கா என்பது ஒ-மொச்சி ஷிமஷோ கா ஆகும். தெட்சுதைமஷோ கா, ஒ-தெட்சுதை ஷிமஷோ கா. சீன வழி வந்த சொற்களுக்குப் பெரும்பாலும் "கொ" வரும்: கொ-அன்னை ஷிமஷோ கா? நம் அன்னை இல்லை, இது "வழி காட்டட்டுமா". தொலைபேசி விதிவிலக்கு, "ஒ-தென்வா" தான். நகல் எடுப்பதற்கான "கொப்பீ" மாதிரி மேற்கத்தியக் கடன்சொல்லுக்கு இரண்டும் வேண்டாம், கொப்பீ ஷிமஷோ கா என்றாலே சரி. இந்த வடிவம் என்னைத் தாழ்த்தி அவரை உயர்த்துவது, அதனால் அவருக்காக நான் செய்யும் வேலைக்கு மட்டும்தான் இதைப் போட வேண்டும். இன்னொன்று: பார்ப்பது என்ற "மிமஸ்" மாதிரி "மஸ்"ஸுக்கு முன் ஒரே அசை நிற்கும் வினைகளுக்கு இந்த அச்சு பொருந்தாது. அவற்றுக்குத் தனிப் பணிவுச் சொற்கள் இருக்கின்றன, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கீழே ஒரு படி: நண்பர், தம்பி தங்கை. இங்கேதான் வினைக்குழு முக்கியம். முதல் குழுவில் இகர ஒலி ஓகாரமாகும்: மொச்சிமஸ், மொத்தோ கா. கஷிமஸ், கஸோ கா. இரண்டாம் குழுவில் "யோ" சேரும்: அக்கெமஸ், அக்கெயோ கா. செய்வது என்ற ஷிமஸ், ஷியோ கா. நண்பர்களுக்குள் கேள்வியே இல்லாமல் "மொட்சு யொ" (நான் தூக்குறேன்) என்று சொல்லிப் பையை வாங்கிக்கொள்வதும் சகஜம்.

8. "அகெமஷோ கா" பொறி

தெ-வடிவம் படித்த கையோடு "மொத்தெ அகெமஸ்" (தூக்கிக் கொடுக்கிறேன்) என்ற அமைப்பும் வரும். தமிழிலும் "தூக்கித் தருகிறேன்", "எழுதிக் கொடுக்கிறேன்" என்று துணைவினை இருப்பதால் நமக்கு இது அம்மா வீடு மாதிரி. அதனால்தான் ஆபத்து. தமிழில் "ஐயா, நான் தூக்கித் தரட்டுமா" என்று ஆசிரியரிடம் சொன்னால் பணிவு கூடுகிறது. ஜப்பானியத்தில் "சென்ஸே, மொத்தெ அகெமஷோ கா" என்றால் உங்களுக்கு ஒரு உபகாரம் செய்கிறேன் பாருங்கள் என்று காதில் விழும். "அகெமஸ்" நன்மையை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டுகிற சொல், கேட்பவரைக் கடன்காரராக்குகிறது.

இதை இன்னும் மரியாதையாக்கினால் சரியாகிவிடும் என்று அதன் உயர்வு வடிவத்தைத் தேடிப்போகாதீர்கள், அங்கேயும் அதே உபகார வாடைதான். மேலானவரிடம் ஏழாம் படியின் ஒ-மொச்சி ஷிமஷோ கா. குழந்தையிடமும் நெருங்கியவரிடமும் "மொத்தெ அகெயோ கா" சொல்லலாம், தப்பில்லை.

இதன் தம்பி ஒன்று, "தெட்சுதத்தெ ஹொஷீ தெஸ் கா" (நான் உதவணும்னு ஆசைப்படுறீங்களா). இலக்கணம் சரி, ஆனால் மனசுக்குள் கைவிட்டுக் கிளறுகிற கேள்வி. எதிராளியின் விருப்பத்தை நேராகக் கேட்பதை ஜப்பானியர் தவிர்ப்பார்கள்.

9. "மஷோ கா" வேண்டாத இடங்கள்

காபி, தேநீர் கொடுக்கும்போது "குடிக்க விரும்புகிறீர்களா" என்று "நொமித்தை தெஸ் கா" கேட்காதீர்கள், மேலே சொன்ன அதே காரணம். கோஹீ, இக்கக தெஸ் கா? (காபி சாப்பிடுறீங்களா?) என்று கேளுங்கள். நான் போட்டுத் தருகிறேன் என்றால் ஒச்சா ஒ இரெமஷோ கா.

ரயிலில் முதியவருக்கு இடம் கொடுக்க இலக்கணமே வேண்டாம். எழுந்து நின்று "தோஸொ" என்றால் முடிந்தது. கேள்வியாகக் கேட்டால் அவர் மறுத்தே ஆகவேண்டிய நிலைக்குப் போய்விடுவார், பாதி எழுந்து பாதி உட்கார்ந்து இருவருக்கும் சங்கடம்.

10. பழகும் முறை

வினைப்பட்டியலை வைத்து "மஷோ கா, மஷோ கா" என்று ஒப்பிப்பதால் பெரிய பயன் இல்லை. வடிவம் ஏற்கெனவே சுலபம், திணறுவது தேர்வில்தான். ஒரு நாள் முழுக்கத் தமிழில் நீங்கள் சொல்கிற ஒவ்வொரு "-ட்டுமா"வையும் "-லாமா"வையும் பிடியுங்கள். பலன் யாருக்கு என்று பார்த்து மூன்று கட்டத்தில் ஒன்றில் போடுங்கள். "அம்மா, கடைக்குப் போயிட்டு வரட்டுமா?" அனுமதியா, உதவியா? அம்மாவுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்களா, நண்பனைப் பார்க்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து ஜப்பானிய வாக்கியமே மாறும். ஒரு நாளில் இப்படி நிறைய மாட்டும்.

அடுத்த கட்டம், ஒருவரோடு சேர்ந்து காரணம், உதவி, பதில் மூன்றையும் ஒரே மூச்சில் ஓட்டுவது. உதவ முன்வருபவராகவும் மறுப்பவராகவும் மாறி மாறி இருங்கள். மறுக்கும் பக்கத்தைப் பலர் பழகுவதே இல்லை, அதனால் நிஜத்தில் யாராவது உதவ வந்தால் வாயடைத்து நிற்கிறார்கள்.

ஜேஎல்பிடி என்5 (ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் தொடக்க மட்டம்) எழுதப்போகிறவர்களுக்கு: கேட்டல் பகுதியில் ஒரு படம் கொடுத்து, அம்புக்குறி காட்டும் ஆள் என்ன சொல்வார் என்று கேட்கும் வினா உண்டு. மூன்று பதில்களும் காதில்தான் விழும், தாளில் அச்சிட்டிருக்காது. மொச்சிமஷோ கா, மொத்தெ குதசை (தூக்குங்கள்), மொச்சிமசென் கா மூன்றும் அடுத்தடுத்து வந்தால் வினையைக் கேட்டுப் பயனில்லை, மூன்றிலும் அதே வினை. ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே படத்தில் பை யார் கையில் இருக்கிறது, அம்பு யார் தலைக்கு மேலே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அம்பு வெறுங்கையோடு நிற்பவர் மேல் இருந்தால் "மஷோ கா" வரும்வரை காத்திருங்கள்.